கடைசி அளவு 1.6

முதல் பக்கம்
(ஜூன் 22, வியாழன் அன்று எழுதியது)

குறிப்பேட்டின் முதல் பக்கத்தை வெறுமையாக விட்டு, வேலை முடிந்த பிறகு உள்ளே இருப்பதை அதில் எண் போட்டு எழுதுவது என் வழக்கம். கல்லூரி வேதியியல் ஆய்வகத்தில் முப்பத்து மூன்று ஆண்டுகள் அப்படித்தான் செய்தேன். இந்தக் குறிப்பேடு பேச்சியம்மாளின் மகள் செண்பகத்தின் கைக்குப் போகிறது. உள்ளே இருப்பவை:

1. ஞானசெல்வத்தின் ரத்தப் பரிசோதனை நிலையத்தில் உள்ள மென்பொருளின் உரிமம் மார்ச் 31 அன்று முடிந்தது. புதுப்பிக்க முயன்றோம். முடியவில்லை.
2. கணினியின் தேதியை ஓராண்டு பின்னுக்குத் தள்ளி வேலையைத் தொடர்ந்தோம். அந்த யோசனை என்னுடையது.
3. ரத்தத்தை அளந்த கருவியில் பிழை இல்லை. மாத்திரை கொடுத்த கையிலும் பிழை இல்லை. மருத்துவருக்குப் போன செய்தியில்தான் பிழை.
4. அந்தப் பிழை என் கண்ணில் பட்டது ஜூன் 2 அன்று. அன்றே ஞானசெல்வத்திடம் சொல்லிவிட்டேன்.
5. உள்ளே எதையும் பின்னால் திருத்தவில்லை.

ஆவுடையப்பன், கோவில்பட்டி.

ஏப்ரல் 1, சனி

காலை ஆறரைக்குக் கதவைத் திறந்தபோதே பெஞ்சில் பதினாறு பேர். எல்லோரும் வெறும் வயிறு. கணினியைப் போட்டால், மென்பொருள் திறக்கவில்லை. சாம்பல் நிறக் கட்டம் ஒன்று மட்டும் வந்து நின்றது. உரிமக் காலம் முடிந்தது, விற்பனையாளரை அணுகவும் என்று ஆங்கிலத்தில் இரண்டு வரி.

ரத்தம் எடுப்பதை நிறுத்தவில்லை. எடுத்த ரத்தத்தைக் கருவியில் வைத்தால் கருவி அளக்கும். ஆனால் அளவைக் கணினிக்குத்தான் அனுப்பும். கணினி வாங்கவில்லை என்றால் முடிவு இல்லை. ஒன்பது மணிக்குப் பெஞ்சில் ஒரு சர்க்கரை நோயாளி மயங்கிச் சாய்ந்தார். வாயில் சர்க்கரையைப் போட்டு, தண்ணீர் கொடுத்து உட்கார வைத்தோம். மற்றவர்கள் எங்களைப் பார்த்த பார்வையை இங்கே எழுத வேண்டியதில்லை.

ஞானசெல்வம் சென்னை நிறுவனத்துக்கு ஒன்பதரை முதல் அழைத்தார். பதினொன்றே காலுக்கு ஒரு பெண் எடுத்தாள். பழைய நிறுவனத்தை வேறு யாரோ வாங்கிவிட்டார்களாம். எங்களிடம் இருக்கும் பதிப்புக்கு இனி உரிமம் தருவதில்லை. புதிய பதிப்பு எங்கள் பழைய கணினியில் ஓடாது. புதிய கணினி வாங்கலாம் என்றால், எங்கள் கருவியின் கம்பி செருகும் துளை இப்போது வரும் கணினிகளில் இல்லை. புகார் எண் 40718 என்று சொல்லி வைத்துவிட்டாள்.

எனக்குத் தெரிந்தவரை அவள் சொன்ன ஒவ்வொன்றும் சரி. சேர்த்துப் பார்த்தால்தான் வழி எதுவும் மிஞ்சவில்லை.

ஏப்ரல் 2, ஞாயிறு

விடுமுறை. தலைக்கு எண்ணெய் வைத்துக் குளித்தேன். கல்லூரி நூலகத்துக் கணினி நினைவுக்கு வந்தது.

ஏப்ரல் 3, திங்கள் (கணினியில் ஞாயிறு)

யோசனையை ஞானசெல்வத்திடம் சொன்னேன். சொல்லும்போதே தயங்கினேன் என்பதையும் குறித்துக்கொள்கிறேன். உரிமம் சென்ற ஏப்ரல் முதல் இந்த மார்ச் வரை செல்லும். கணினியின் ஆண்டை மட்டும் ஒன்று குறைத்தால், அதன் கணக்கில் இன்னும் பன்னிரண்டு மாதம் இருக்கிறது. நாளும் மாதமும் மாறாது. கிழமை மட்டும் ஒன்று பின்னால் போகும். நூலகத்தில் இப்படி மூன்று வருடம் ஓட்டினார்கள். எதிரே உள்ள ஜெராக்ஸ் கடையிலும் இன்றுவரை அப்படித்தான்.

ஞானசெல்வத்துக்கு நாற்பத்தாறு வயது. பதினெட்டு வருடமாக இந்த நிலையத்தை நடத்துகிறார். ஐந்து பேர் வேலை செய்கிறோம்.

"சார், நீங்க இத முந்தாநாளே சொல்லிருந்தா அந்த மனுசன் மயங்கிருக்க மாட்டாரே" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார்.

இரண்டு நிமிட வேலை. மென்பொருள் திறந்துகொண்டது. அச்சாகும் தாளில் ஆண்டு தப்பாக வரும். ஒவ்வொரு தாளிலும் அதை நான் பேனாவால் அடித்துச் சரியான ஆண்டை எழுதிக் கையெழுத்துப் போடுவேன் என்று ஏற்பாடு. எப்படியும் ஒவ்வொரு தாளையும் சரிபார்த்துக் கையெழுத்திடுவதுதான் இங்கே என் வேலை.

ஏப்ரல் 5, புதன் (கணினியில் செவ்வாய்)

பேனா மெதுவாக இருக்கிறது. மெயின் ரோட்டில், சரியான ஆண்டு போட்ட ரப்பர் முத்திரை செய்யக் கொடுத்தேன். நீல மை.

ஏப்ரல் 10, திங்கள் (கணினியில் ஞாயிறு)

முத்திரை வந்துவிட்டது. இன்று நாற்பத்தொரு தாள். ஒன்றில்கூட விடவில்லை. இரண்டு முறை எண்ணினேன்.

பேச்சியம்மாள் வந்தார். ஐந்து வருடம் முன்பு மதுரையில் இதய வால்வு மாற்றியவர். தீப்பெட்டி ஆலையில் லேபிள் ஒட்டுகிறார். வால்வில் ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை போடுகிறார். மாத்திரை குறைந்தால் உறைந்துவிடும், கூடினால் ரத்தம் கசியும். அதனால் மாதம் ஒரு முறை இங்கே, ரத்தம் உறைவது எவ்வளவு தாமதமாகிறது என்று அளவு பார்க்க வேண்டும். அவருக்கு இரண்டரையிலிருந்து மூன்றரைக்குள் இருக்க வேண்டும். போன மாதம் 1.6 தான் இருந்தது. டாக்டர் அருமைநாயகம் ஒரு மாத்திரையை ஒன்றரை ஆக்கியிருந்தார்.

"வாத்தியாரய்யா, மாசாமாசம் நீங்க எடுக்குத ரத்தத்தச் சேத்து வச்சிருந்தா இந்நேரம் எனக்கு ஒரு தங்கச்சி செஞ்சிருக்கலாம்" என்றார். பருத்திப் பஞ்சை நன்றாக அழுத்திப் பிடிக்கச் சொன்னேன்.

இன்றைய அளவு 3.2. நல்ல அளவு. அவர் ஆலைக்கு அரை நாள் லீவு போட்டால் சம்பளம் போகும் என்பதால் மருத்துவரைப் பார்க்கப் போவதில்லை. அவரைப் போன்ற மாதாந்திர நோயாளிகள் பத்துப் பேருக்கு, அளவைப் பதிந்தவுடன் மென்பொருளே அந்தந்த மருத்துவரின் போனுக்கு ஒரு வரிச் செய்தி அனுப்பிவிடும். கணினியோடு சிம் போட்ட சிறு பெட்டி இருக்கிறது. மருத்துவர் செய்தியைப் பார்த்து, மாத்திரையைக் கூட்டவோ குறைக்கவோ போனில் சொல்லிவிடுவார்.

ஏப்ரல் 13, வியாழன் (கணினியில் புதன்)

மாலை செண்பகம் வந்து நின்றாள். துணிக்கடையில் வேலை பார்ப்பவள், முப்பது வயது இருக்கும். டாக்டர் போனில் கோபித்துக்கொண்டாராம். அம்மா மாத்திரையை ஒழுங்காகப் போடுவதில்லை, அளவு ஏறவே இல்லை, இனி நீயே பக்கத்தில் நின்று கொடு என்றாராம். மாத்திரையை இரண்டாக்கியிருக்கிறார்.

3.2 நல்ல அளவுதானே என்று நினைத்தேன். ஆனால் நான் வேதியியல் படித்தவன். மருத்துவம் படித்தவன் அல்ல. அவர் வேறு ஏதாவது பார்த்திருப்பார்.

"இனிமே நாந்தான் எண்ணிக் குடுப்பேன் சார். அது ஏமாத்தும்" என்றாள் செண்பகம். அம்மாவை அது என்றுதான் சொல்வாள்.

ஏப்ரல் 24, திங்கள் (கணினியில் ஞாயிறு)

சென்னையிலிருந்து ஒருவர் பேசினார். தூரத்திலிருந்தே எங்கள் திரையை எடுத்துப் பார்க்க வேண்டும் என்றார். தேதி தப்பாக இருந்தால் இணையம் வேலை செய்யாது. தேதியைச் சரி செய்தால் மென்பொருள் திறக்காது. இதை அவரிடம் சொல்ல முடியாமல் ஞானசெல்வம் இணையம் போய்விட்டது என்று சொன்னார். புதிய புகார் எண் 41302.

மே 2, செவ்வாய் (கணினியில் திங்கள்)

வெயில் 39. முத்திரை மை காய்கிறது. தண்ணீர் ஒரு சொட்டு விட்டேன், பரவியது. இனி விடக்கூடாது.

மே 9, செவ்வாய் (கணினியில் திங்கள்)

பேச்சியம்மாளின் அளவு 4.8.

ஐந்துக்கு மேல் போனால் மருத்துவரைத் தொலைபேசியில் உடனே அழைக்க வேண்டும் என்பது எங்கள் விதி. சுவரில் ஒட்டியிருக்கிறது, நானே எழுதி ஒட்டியது. 4.8 ஐந்து அல்ல. செய்தி எப்படியும் போய்விடும்.

பதிந்து முடித்ததும் செய்தி போவது திரையின் ஓரத்தில் மூன்று நொடி தெரியும். வழக்கமாக அந்த நேரம் நான் முத்திரை போட்டுக்கொண்டிருப்பேன். இன்று மை இல்லாததால் திரையைப் பார்த்தேன். பேச்சியம்மாள், 54, கடைசி அளவு 1.6 என்று இருந்ததுபோலத் தோன்றியது. பிறகு மறைந்துவிட்டது. எழுத்து மிகச் சின்னது. 4.8 என்பது அப்படித் தெரிந்திருக்கலாம். கண்ணாடி மாற்ற வேண்டும்.

ஞானசெல்வத்தின் அறை வரை போனேன். அவர் சென்னையுடன் போனில் இருந்தார். நெற்றியைப் பிடித்துக்கொண்டிருந்தார். திரும்பி வந்துவிட்டேன்.

பேச்சியம்மாளின் தாளில் பேனாவால் திருத்திய ஆண்டு சரியாக இருக்கிறதா என்று இரண்டு முறை பார்த்தேன். சரியாக இருந்தது.

மே 10, புதன் (கணினியில் செவ்வாய்)

கண் மருத்துவரிடம் போகவில்லை. வெயில்.

மே 12, வெள்ளி (கணினியில் வியாழன்)

புது மை வாங்கினேன். முப்பத்தெட்டுத் தாள்.

மே 18, வியாழன் (கணினியில் புதன்)

ஆலை விட்டுப் போகும் வழியில் பேச்சியம்மாள் வாசலில் நின்று கையைக் காட்டினார். முழங்கைக்குக் கீழே ஊதா நிறத்தில் கன்றிப்போன இரண்டு திட்டு. எங்கும் இடிக்கவில்லையாம்.

"எங்க வீட்டுக்காரரு செத்துப் பத்து வருசம் ஆச்சு. ராத்திரி வந்து கிள்ளிட்டுப் போறாராட்டுக்கு. உயிரோட இருக்கையில ஒருநா தொட்டுப் பேசுனதில்ல."

மாத்திரை எத்தனை என்று கேட்டேன். இப்போது இரண்டரை என்றார். டாக்டர் மறுபடியும் கூட்டியிருக்கிறார். செண்பகம் எதிரில் நின்று, வாயைத் திறந்து காட்டச் சொல்கிறாளாம். சின்னப் பிள்ளைக்குக் கொடுப்பதுபோல, என்று சிரித்தார். பல் துலக்கினால் ரத்தம் வருகிறது என்றும் சொன்னார்.

டாக்டரைப் பாருங்கள் என்றேன். பார்க்க வேண்டும், லீவுதான் கிடைக்கவில்லை என்றார். மெதுவாகப் போங்கள், இடித்துக்கொள்ளாதீர்கள் என்றேன்.

அவ்வளவுதான் சொன்னேன்.

மே 19, வெள்ளி (கணினியில் வியாழன்)

பத்தரை மணிக்கு டாக்டர் அருமைநாயகத்தின் கிளினிக்குக்கு போன் செய்தேன். கம்பவுண்டர் எடுத்தார். என்ன விஷயம் என்று கேட்டார். நாற்பது வருடமாகப் பெயர் பெற்ற மருத்துவரிடம், நீங்கள் கூட்டிய மாத்திரை தப்பு என்று எந்த ஆதாரத்தில் சொல்வது? ஆதாரம் வேண்டுமென்றால் திரையைத் திறந்து பார்க்க வேண்டும். திறந்து பார்த்தால், தேதியை மாற்றியது வெளியே வரும். நிலையத்தை மூடச் சொல்வார்கள். ஐந்து பேர்.

மாலை எத்தனை மணி வரை பார்ப்பார் என்று கேட்டேன். எட்டு மணி வரை என்றார். நன்றி சொல்லி வைத்துவிட்டேன்.

அடுத்த பரிசோதனை ஜூன் 6. அப்போது எல்லாம் தெளிவாகிவிடும்.

மே 23, செவ்வாய் (கணினியில் திங்கள்)

நாற்பத்து நான்கு தாள்.

மே 27, சனி (கணினியில் வெள்ளி)

ஒன்றும் இல்லை. பேச்சியம்மாள் வாசல் வழியே போனார். நான் உள்ளே இருந்தேன்.

ஜூன் 1, வியாழன் (கணினியில் புதன்)

மதியம் இரண்டு மணிக்குத் தெருவே ஓடியது. பேச்சியம்மாள் ஆலையில் லேபிள் ஒட்டிக்கொண்டிருந்தவர் தலை வலிக்கிறது என்று சொல்லி அப்படியே பக்கத்தில் இருந்தவள் மடியில் சாய்ந்திருக்கிறார். பேச்சு குழறியிருக்கிறது. ஆம்புலன்சில் திருநெல்வேலிக்குக் கொண்டுபோனார்கள். மூளைக்குள் ரத்தக் கசிவு என்று சொல்கிறார்கள்.

இன்று முப்பத்தைந்து தாள்.

ஜூன் 2, வெள்ளி (கணினியில் வியாழன்)

காலை எல்லோருக்கும் முன்னால் வந்தேன். பேச்சியம்மாளின் பக்கத்தைத் திறந்து பார்த்தேன். இந்த ஏப்ரலின் 3.2-ஐயும் இந்த மே மாதத்தின் 4.8-ஐயும் கணினி சென்ற ஆண்டுக்குள் கொண்டுபோய் வைத்திருக்கிறது. அதற்குப் பிறகு சென்ற ஆண்டின் மற்ற மாதங்கள் வருகின்றன. கடைசியில் இந்த மார்ச். 1.6. மென்பொருளைப் பொறுத்தவரை அதுதான் கடைசி அளவு. இரண்டு மாதமும் மருத்துவருக்கு அதைத்தான் அனுப்பியிருக்கிறது. அவர் அதைப் பார்த்துத்தான் மாத்திரையைக் கூட்டியிருக்கிறார். என் முத்திரை தாளைத் திருத்தியது. செய்தியைத் திருத்தவில்லை.

ஞானசெல்வம் வந்ததும் காட்டினேன். அவர் முதலில் சிம் பெட்டியைப் பிடுங்கினார். பிறகு மற்ற ஒன்பது மாதாந்திர நோயாளிகளின் மருத்துவர்களுக்கும் இரண்டு பேருமாக போன் செய்து, கணினியில் கோளாறு, சரியான அளவு இது என்று சொன்னோம். பதினொரு மணிக்குள் முடிந்துவிட்டது. மற்றவர்களுக்குச் சேதம் இல்லை. இவ்வளவு எளிதான வேலை.

திருநெல்வேலி மருத்துவமனைக்கும் சொல்ல வேண்டாமா என்றேன்.

"அங்க போனதும் ரத்தம் எடுத்துப் பாத்திருப்பாங்க சார். அளவு அவங்களுக்குத் தெரியும். நாம சொல்லி ஒண்ணும் ஆகப்போறதில்ல" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "அவங்க பொழைச்சு வரட்டும். நானே நேர்ல போய்ச் சொல்லுதேன். அதுவரைக்கும் நீங்க வாயத் தொறக்காதீங்க. உங்கள நான் என்னைக்காவது ஒரு வார்த்த கடுத்துச் சொல்லிருக்கேனா?" என்றார்.

இல்லை என்றேன். உண்மையிலேயே சொன்னதில்லை.

ஜூன் 3, சனி

பேச்சியம்மாள் இன்று அதிகாலை இறந்துவிட்டார்.

ஜூன் 4, ஞாயிறு

அவர்கள் வீட்டுக்குப் போனேன். ஆலையில் வேலை செய்யும் பெண்கள் எல்லோரும் வந்திருந்தார்கள். டாக்டர் அருமைநாயகம் பூமாலை அனுப்பியிருந்தார்.

மாமியோ சித்தியோ, யாரோ ஒருத்தி செண்பகத்தைச் சுட்டிக்காட்டிப் பேசிக்கொண்டிருந்தாள். ஒண்ணு குடுக்க வேண்டிய எடத்துல ரெண்டா குடுத்திருக்கா, துணிக்கடையில கண்ணாடி பாக்கவே நேரம் போதல, இதுல எங்க எண்ணிக் குடுத்திருக்கப் போறா என்றாள். செண்பகம் மாத்திரை அட்டைகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். காலியான ஒவ்வொரு குழியையும் விரலால் தொட்டு எண்ணிக்கொண்டிருந்தாள்.

பத்து நிமிடம் நின்றேன். வந்துவிட்டேன்.

ஜூன் 7, புதன்

காய்ச்சல். வேலைக்குப் போகவில்லை.

ஜூன் 14, புதன் (கணினியில் செவ்வாய்)

செண்பகம் வந்தாள். மஞ்சள் பையில் அம்மாவின் பழைய தாள்கள் எல்லாம் இருந்தன. ஆண்டை நான் திருத்திய இரண்டு தாள்களை மேலே வைத்தாள்.

"சார், டாக்டரு அளவு ஏறவே இல்லன்னு சொன்னாக. இதுல 4.8-ன்னு போட்டிருக்கு. எனக்குப் பாக்கத் தெரியல. நான் அட்டைய எண்ணிப் பாத்தேன், கணக்கு சரியா வருது. ஆனா எங்கியோ நாந்தான் தப்புப் பண்ணிருக்கேன். எங்கன்னு மட்டும் சொல்லுங்க."

ஞானசெல்வம் உள்ளறைக் கதவருகில் நின்றார். தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பாத்துச் சொல்லுதேன்ம்மா" என்றேன்.

"எத்தன நாளாகும்?"

தாள்களை மறுபடி பையில் அடுக்கினாள். போகும்போது, ஒரு நாளைக்கு மூன்று முறை அம்மாவின் வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்ததாகச் சொன்னாள். இரவில் ஒரு முறைதான் மாத்திரை. ஆனால் நாக்குக்கடியில் ஒளித்திருப்பாளோ என்று காலையும் மாலையும் பார்த்தாளாம்.

ஜூன் 19, திங்கள்

சென்னை நிறுவனத்திலிருந்து ஒருவர் நேரில் வந்தார். நல்ல மனிதர். பழைய பதிப்பை வைத்திருப்பவர்கள் பலர் கேட்டதால் இன்னும் ஓராண்டுக்கு உரிமம் தருகிறார்களாம். பதினாறு எழுத்தைத் தட்டினார். தேதியைச் சரி செய்தார். இரண்டு நிமிட வேலை.

பின் தேதியில் பதிந்தவற்றை முன்னுக்குக் கொண்டுவர முடியுமா என்று கேட்டேன். முடியாது, பதிந்தது பதிந்ததுதான் என்றார். அவர் போன பிறகு பேச்சியம்மாளின் பக்கத்தைத் திறந்தேன். தேதி சரியாக இருந்தது, உரிமம் சரியாக இருந்தது, கடைசி அளவு 1.6 என்று இருந்தது.

ஜூன் 20, செவ்வாய்

ஞானசெல்வத்திடம் சொல்லிவிட்டேன், செண்பகத்திடம் எல்லாவற்றையும் சொல்லப்போகிறேன் என்று. கோபிப்பார் என்று நினைத்தேன். கோபிக்கவில்லை. "எனக்கு நிலையம் போகும் சார். உங்களுக்கு என்ன போகும்?" என்று கேட்டார்.

கேள்வி நியாயமானது. எழுதி வைத்துக்கொண்டேன்.

ஜூன் 22, வியாழன்

காலையில் முதல் பக்கத்தை எழுதினேன். பிறகு, கொடுப்பதற்கு முன் உள்ளே ஒரு முறை வாசித்துப் பார்த்தேன். அதுவும் ஆய்வகத்துப் பழக்கம்தான்.

ஆய்வகக் குறிப்பேட்டில் தவறானதை அழிக்கக்கூடாது. கிழிக்கக்கூடாது. தவறு என்று எழுதிக் கையெழுத்திட வேண்டும். மாணவர்கள் அழித்துக் கொண்டுவந்தால் மதிப்பெண் குறைப்பேன்.

முதல் பக்கத்தில் நான்காவதாக எழுதியது தவறு. பிழை என் கண்ணில் பட்டது ஜூன் 2 அன்று அல்ல. அன்று நான் திரையைத் திறந்தது கண்டுபிடிக்க அல்ல. எங்கே பார்க்க வேண்டும் என்று எனக்குத் தெரிந்திருந்தது. நேராக அந்தப் பக்கத்துக்குத்தான் போனேன். மே 9 அன்று திரையில் மூன்று நொடி தெரிந்ததை நான் தெளிவாகப் படித்தேன். அன்று பேச்சியம்மாள் ஆலையில் சாய்வதற்கு இன்னும் இருபத்து மூன்று நாள் இருந்தது. ஒரு போன் போதும். ஜூன் 2 அன்று ஒன்பது பேருக்குச் செய்ய இரண்டு மணி நேரம்கூட ஆகவில்லை.

செண்பகம், நீ எங்கே தப்புச் செய்தாய் என்று கேட்டாய். உன்னிடம் தப்பு இல்லை. மே 9 அன்று என் கண்ணாடியில் ஒரு குறையும் இல்லை. இதை எழுதுவதும் அதே கண்ணாடியைப் போட்டுக்கொண்டுதான்.

ஆவுடையப்பன்.